சத்தியம் செய்யாத தோணிக்காரர்

என் அப்பா யோபு ஒரு காலத்தில் பேச்சுக்குப் பேச்சு சத்தியம் செய்கிறவராம். மீன் புதிது என்பதற்கு ஒரு சத்தியம், காற்று திரும்பும் என்பதற்கு ஒரு சத்தியம், கள்ளுக் குடிக்கவில்லை என்பதற்கு இரண்டு. பெரியநீலாவணையில் அவரோடு வலை இழுத்தவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சத்தியங்களை யாரும் நம்பியதில்லை. நம்ப வேண்டுமென்று அவரும் செய்ததில்லை. நான் பிறந்த பிறகு என் தலை அவருக்கு வசதியாகக் கிடைத்தது. எதைச் சொன்னாலும் என் தலையில் கையை வைத்துத்தான் சொல்வாராம்.

எனக்குப் பேச்சு வந்த வயதில் கடும் குளிர்காய்ச்சல் கண்டது. பாயில் கிடந்து நடுங்கிய என்னைக் காட்டி அம்மா சொன்னது எங்கள் வீட்டில் மறக்கப்படாத வாக்கியம்.

"இந்தத் தலையில எத்தின பொய்ய ஏத்தி வச்சீங்க. இப்ப அதெல்லாம் இறங்குது, பாருங்க."

மிசன் தாதி கொடுத்த கொயினா மருந்தில் காய்ச்சல் விட்டது. அதோடு அப்பாவின் சத்தியமும் விட்டது. சில மாதம் கழித்து, கல்முனைச் சந்தையருகே ஒரு போதகர் மலைப்பிரசங்கத்திலிருந்து பேசுவதை வழியில் நின்று கேட்டிருக்கிறார். வானத்தின் பேரிலும் வேண்டாம், பூமியின் பேரிலும் வேண்டாம், உன் தலையின் பேரிலும் வேண்டாம், ஒரு மயிரையாவது வெள்ளையாக்கவோ கறுப்பாக்கவோ உன்னால் ஆகாதே, ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை, அவ்வளவு போதும் என்று அவர் விளக்கினாராம். தன் வீட்டுக்குள் நடந்ததை இந்த மனிதனுக்கு யார் சொன்னார்கள் என்று அப்பாவுக்குத் திடுக்கென்றிருக்கிறது. சின்னவன் என்ற பேரோடு இருந்தவர் ஞானஸ்நானம் பெற்று யோபுவானது அந்த ஒரு வசனத்தினால்தான். மற்ற வசனங்களெல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

கடலை விட்டு, கல்முனைக்கு மேற்கே வாவியில் தோணி ஓட்டத் தொடங்கினார். இக்கரையில் எங்கள் வீடும் சின்ன ஆலயமும். அக்கரையில் வயல்கள். ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் கல்முனைக்குடி, சாய்ந்தமருது முஸ்லிம்கள். வயல் வேலைக்குப் போய் வருகிறவர்கள். வாவியில் கச்சான் என்கிற மேல்காற்று எழும்பும் நாட்களில் கரையில் நின்று, "யோபு, போகலாமா?" என்று கேட்பார்கள். அப்பா தண்ணீரைப் பார்த்துவிட்டு, "போகலாம்" என்பார். அல்லது, "இப்ப ஏலா" என்பார். அதற்கு மேல் ஒருவரும் கேட்டதில்லை.

நான் சலோமி, அவருடைய ஒரே மகள். பேராதனையில் பி.ஏ. படித்து, பெண்கள் பாடசாலையில் படிப்பிக்க வந்தேன். தகப்பன் வழியிலும் தாய் வழியிலும் பல்கலைக்கழகம் கண்டவள் நான்தான். சபையார் என்னை ஒரு கேட்கப்பட்ட ஜெபம் போலப் பார்த்தார்கள். ஆனால் எனக்கு ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் என் குரலை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவின் விசுவாசம் உண்மையா, பழகிய பிடிவாதமா என்று தெரியாமல் தவித்த காலம் அது. இப்போதும் முழுக்கத் தெரியாது. ஐம்பத்தேழாம் ஆண்டு ஆவணியில் நடந்ததை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

அக்கரையில் பெரிய நிலச்சொந்தக்காரர் அப்துல் கபூர் போடியாரின் வயல். அறுத்த கதிரைக் கட்டிச் சூடு வைத்திருந்தார்கள். கதிர்க் கட்டுகளை அடுக்கிய பெரிய போர். ஒரு மாலை, மகரிபுத் தொழுகைக்கு வாங்கு சொல்லும் வேளையில் அது தீப்பற்றி எரிந்தது. இக்கரையில் நின்றவர்களும் வானம் சிவந்ததைப் பார்த்தார்கள். நெல்லை எரிப்பது எங்கள் பகுதியில் ஒரு களவைவிடப் பெரிய பாவம். போடியாரோடு சண்டை பிடித்து வேலையை விட்டிருந்த மசூர் மேல் பழி விழுந்தது. காவல்காரன் ஜெமீல், மசூரைச் சூட்டருகே கண்டதாகக் குர்ஆனைத் தொட்டுச் சொன்னான்.

ஆனால் வாங்கு சொன்ன அந்த வேளையில் மசூர் அப்பாவின் தோணியில், நடு வாவியில் இருந்தான். கச்சான் பலமென்று வேறு யாரும் ஏறவில்லை. ஆகவே அதை அறிந்தவர் உலகத்தில் அப்பா ஒருவர்தான்.

பள்ளிவாசல் நிர்வாகத்தார் விசாரணையை வெள்ளிக்கிழமை பின்னேர அசறுத் தொழுகைக்குப் பிறகு என்று வைத்தார்கள். அன்று காலை மசூரின் தாய் ஸைனம்பு எங்கள் வீட்டுக்கு வந்தா. புருஷன் இல்லாதவ. முக்காட்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றா.

"யோபு அண்ணே, என்ட புள்ள உங்கட தோணிலதான வந்தவன்?"

"ஓம், தங்கச்சி. வாங்கு சொல்லக்குள்ள நடு வாவியில நிண்டம். தலையில லேஞ்சித் துண்டக் கட்டிட்டு முகத்தக் கழுவினவன்."

"அதச் சத்தியம் பண்ணிச் சொல்லுங்க. வேற ஒண்டும் வேணா."

"கண்டதச் சொல்லுவன். சத்தியம் பண்ண மாட்டன்."

"ஏன், கண்டது பொய்யா?"

"உண்மதான்."

"உண்மய சத்தியம் பண்ண என்ன பயம், அண்ணே?" ஸைனம்பு முக்காட்டின் நுனியை வாயிலிருந்து எடுத்தா. "அவனுக்குப் பேசின கைருன்னிஸாட வாப்பா மக்கீன் ஆளனுப்பிட்டாரு. இண்டைக்கி என்ட புள்ளட பேரு சுத்தமாகல்லெண்டா கலியாணம் இல்லையாம். போடியார் பொலிசுக்குப் போறாராம். ஜெமீல் சத்தியம் பண்ணிட்டான். நீங்க சும்மா சொன்னா ஆரு எடுப்பா?"

ஸைனம்பு அம்மாவைப் பார்த்தா. "தங்கச்சி, நீங்களாவது சொல்லுங்க" என்றுவிட்டுப் போனா. அம்மா குடிக்கக் கொடுத்த தண்ணீர் தொடப்படாமல் இருந்தது.

அம்மாவின் பேர் மார்த்தாள். பேருக்கேற்ப, வேதத்து மார்த்தாளைப் போல ஓயாத கைகள். அன்று அந்தக் கைகள் சும்மா இருந்தன.

"இஞ்சேருங்க. ஒரு வாயசைப்பு. அந்தப் பொடியன்ட வாழ்க்க."

"நீதான நிப்பாட்டினாய்" என்றார் அப்பா.

"நான் நிப்பாட்டினது பொய்ச் சத்தியத்த."

"வசனத்தில அப்பிடிப் பிரிக்கல்ல."

எனக்குக் கோபம் வந்தது. "அப்பா, கண் பாவத்தில இடறப் பண்ணினா பிடுங்கிப் போடச் சொன்னதும் அதே பக்கத்திலதான் இரிக்கு. உங்களுக்கு ரெண்டு கண்ணும் இரிக்கே."

அவர் சிரிக்கவில்லை. என் கேள்வியை நேர்மையாக யோசித்தார். "அது பெரிய வேல, மகள். என்னால ஏலா. இது லேசான வேல. லேசானதயாவது செய்வமே."

தோணிக் கோலை எடுத்துக்கொண்டு துறைக்கு இறங்கிப் போய்விட்டார். நீதிமன்றத்திலே சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி சொல்லச் சட்டம் இடம் கொடுக்கிறது என்று நான் படித்திருந்தேன். ஆனால் இது நீதிமன்றம் இல்லை. இங்கே ஒருவன் பேச்சுக்கு நிறை அவனுடைய சத்தியம். எங்கள் சபைப் போதகரைக் கேட்கலாமென்றால் அவர் மட்டக்களப்புக்குப் போயிருந்தார்.

அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தா. குரலைத் தாழ்த்தினா.

"அண்டைக்கு நீ வீட்டிலதான இருந்தாய். தோணி வந்தது உனக்குத் தெரியும்தான?"

"சத்தம் கேட்டது. ஆரோ சிரிச்சதும் கேட்டது."

"அது மசூர்தான்."

"முகத்தக் காணல்ல, அம்மா."

"கண்டெண்டு சொல்லன். நீ படிச்ச புள்ள, உன்ட பேச்ச எடுப்பாங்க. கைய வச்சிச் சொல்லிட்டா முடிஞ்சிது. அப்பாவும் சத்தியம் பண்ணத் தேவல்ல, பொடியனும் தப்புவான்."

"அது பொய்."

"வேதத்தில ராகாப் சொன்னது என்ன? வீட்டுக் கூரையில ஆள ஒளிச்சு வச்சிட்டு, போயிட்டாங்க எண்டு பொய்தான சொன்னவள். அவள்ட பேரு கர்த்தர்ட வம்சத்தில இரிக்கு. கர்த்தர் அவளக் கோவிக்கல்ல."

பேராதனையில் இத்தனை தர்க்கம் படித்தவளுக்கு அம்மாவின் ராகாபுக்குப் பதில் இருக்கவில்லை. நினைக்க நினைக்க வேடிக்கையாகவும் பயமாகவும் இருந்தது. உண்மையைக் கண்ட அப்பா சத்தியம் செய்ய மாட்டார். சத்தியம் செய்யத் தடையில்லாத நான் உண்மையைக் காணவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் மசூர் நின்றான். அப்பாவின் நியாயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அப்படியானால் அம்மா சொன்னதைச் செய்ய எனக்கு என்ன தடை? அதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

பின்னேரம் அவர்கள் வந்தார்கள். மீராசாஹிபு மரைக்கார் பள்ளிவாசல் நிர்வாகத்தில் பெரியவர், மெதுவாகப் பேசுகிற மனிதர். அப்பாவைப் பள்ளிவாசலுக்குக் கூப்பிடாமல் எங்கள் ஆலய முற்றத்திலேயே கூட்டத்தை வைத்தார்.

"உங்கள அங்க கூப்பிட்டா உங்கட மனசு கோணும் யோபு. சத்தியம் அவரவர்ட வேதத்தில பண்ணினாத்தான் சத்தியம்" என்றார்.

ஆலயத்தில் உட்காரும் வாங்குகளைப் பூவரசு நிழலில் போட்டோம். போடியார் ஒரு வாங்கில், கைருன்னிஸாவின் தகப்பன் மக்கீன் மறு வாங்கில். ஜெமீல் நின்றான். மசூர் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்கள் பக்கத்தில் அம்மாவும் ஸைனம்புவும் நானும். கச்சான் காற்று புழுதியை வாரி எறிந்துகொண்டிருந்தது.

மரைக்கார் அம்மாவிடம் தண்ணீர் கேட்டு வாங்கினார். கைகளை முழங்கை வரை கழுவித் துடைத்தார். பிறகு ஆலயத்துக்குள் போய், வேதப்புத்தகத்தைத் தன் புதுச் சால்வையில் ஏந்தி வந்து அப்பா முன்னால் வாங்கில் வைத்தார். எங்கள் சபையில் யாரும் அதை அவ்வளவு மரியாதையோடு தூக்கி நான் கண்டதில்லை.

"கைய வச்சிச் சொல்லுங்க. வாங்கு நேரம் மசூர் எங்க இருந்தான்?"

அப்பா கையை வைக்கவில்லை. "என்ட தோணியில இருந்தான்."

"கைய வச்சிச் சொல்லுங்க."

"மரைக்கார், நீங்க மரியாதயாக் கொண்டு வந்து வச்சிங்க. ஆனா இதுக்குள்ளதான் சத்தியம் பண்ண வேணாமெண்டு எழுதியிரிக்கு."

யாரோ ஒருவர் சிரித்தார். "வேதம் தொடாத வேதக்காரன்" என்று பின்னால் ஒரு குரல். மரைக்காருக்கு முகம் சுருங்கியது. அவர் செய்த கண்ணியமே இப்போது அப்பாவுக்கு எதிராக நின்றது. பள்ளிவாசலில் மறுத்திருந்தால் அது வேற்று மதம் என்று சொல்லியிருக்கலாம். சொந்தப் புத்தகத்தைத் தொட மறுக்கிறவனை எப்படி நம்புவது?

"எழுத்து எப்பிடியோ போகட்டும்" என்றார் போடியார். கோபத்தை அடக்கிப் பேசினார். "என்ட வருசத்துச் சாப்பாடு சாம்பலாக் கிடக்கு, யோபு. ஜெமீல் பொய்ச் சத்தியம் பண்ணினானா?"

"அவன் கண்டத நான் அறியன், போடியார். நான் கண்டதச் சொல்றன்."

"அப்ப ஒண்டு செய்யுங்க. உங்கட மகள் பீ.ஏ. படிச்சவ. ஒரே புள்ள. அவட தலையில கைய வச்சிச் சொல்லுங்க. நான் எழும்பிப் போறன்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்பாவும் என் தலையைப் பார்த்தார். முகத்தை அல்ல, தலையை. அவருடைய வலது கை மடியிலிருந்து கொஞ்சம் எழும்பியதைக் கண்டேன். வைத்துவிடுங்கள் என்று என் மனம் சொன்னது. எனக்கு ஒன்றும் ஆகாது, காய்ச்சல் கொசுவால் வருவது, நான் படித்தவள். அந்தக் கை திரும்ப இறங்கி மடியில் அமர்ந்தது. விரல்கள் இடுப்புச் சாறனைப் பிடித்துக்கொண்டன.

"ஏலா, போடியார்."

ஸைனம்பு முக்காட்டை முகத்தில் இழுத்துக்கொண்டா. மக்கீன் எழும்பப் பார்த்தார். அந்த நேரத்தில் அம்மா பேசினா.

"மகளும் கண்டவ."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மரைக்காரைப் பார்த்தா. "அண்டைக்கு அவ வீட்டில இருந்தவ. கேட்டுப் பாருங்க."

மரைக்காரின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அவர் ஒரு நல்ல வழி தேடிக்கொண்டிருந்தார், கிடைத்துவிட்டது. "வாங்க டீச்சர். நீங்க கண்டீங்களா? கைய வச்சிச் சொல்லிட்டீங்கெண்டா இது இத்தோட முடிஞ்சிது."

நான் போய் வாங்கின் முன்னால் நின்றேன். கறுப்பு அட்டை, மூலையில் கறையான் தின்ற அடையாளம். எழுத்துக் கூட்டப் பழகிய காலத்தில் அப்பா விரலை வைத்து வாசித்த அதே புத்தகம். மசூர் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். அவனுக்கு என்னைவிட வயது குறைவு. அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சலும் இல்லை, களைப்பு மட்டுமே இருந்தது. ஒரு வாக்கியம் போதும். ராகாபை நினைத்தேன். அவள் அறிந்த ஒன்றை மறைத்தாள். நான் அறியாத ஒன்றை அறிந்ததாகச் சொல்லப் போகிறேன். அது ஒரே பொய்தானா, வேறு பொய்யா? யோசிக்க நேரம் இல்லை.

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் காணல்ல, மரைக்கார்" என்றேன். "தோணி வந்த சத்தம் கேட்டது. ஆரோ சிரிச்சது கேட்டது. மசூரா எண்டு எனக்குத் தெரியா."

அம்மா தலையைக் குனிந்தா. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. தாயைச் சபையில் பொய்யாக்கிய மகளைப் பார்க்க யாருக்கும் விருப்பமில்லை. மரைக்கார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மெதுவாக, காவல்காரன் பக்கம் திரும்பினார்.

"ஜெமீல், நீ எதக் கண்டாய்?"

"நான்தான் சத்தியம் பண்ணிட்டனே, மரைக்கார்."

"சத்தியத்தக் கேக்கல்ல. எதக் கண்டாய்?"

ஜெமீல் நரைத்த தாடியைத் தடவினான். அவனும் ஏழை, போடியாரின் சோற்றில் வாழ்கிறவன். அவன் கண்கள் என்மேல் ஒரு கணம் நின்று விலகின. "ஓடினவன்ட முதுகக் கண்டன். கோடு போட்ட சாறன். மசூருக்கும் அப்பிடி ஒண்டு இரிக்கு."

"முகம்?"

"பொகைக்குள்ள தெரியல்ல." தாடியிலிருந்து கையை எடுத்தான். "அவனாத்தான் இரிக்கும் எண்டு நெனச்சன். நெனச்சதாலதான் தொட்டுச் சொன்னன். வேணுமெண்டு சொல்லல்ல."

போடியார் எழுந்தார். "அப்ப நெருப்பு வச்சது ஆரு?"

"கண்டாச் சொல்லலாம்" என்றார் மரைக்கார். "கச்சான் காத்து. எவன்ட பீடியோ, எவன்ட பகையோ. மகள் ஒரு சொல்லில தகப்பன்ட மானத்தக் காப்பாத்தியிருக்கலாம். செய்யல்ல. அந்த வீட்டுப் பேச்ச நான் சத்தியமில்லாமலே எடுக்கிறன்."

"நான் எடுக்கல்ல" என்றுவிட்டுப் போடியார் நடந்தார். இரண்டு பேர் அவர் பின்னால் போனார்கள்.

பள்ளிவாசலிலிருந்து மகரிபு வாங்கு கேட்டது. மக்கீன் சாறனை உதறிக் கட்டினார். மசூர் பக்கம் பார்க்காமலே, "வா, தொழுகைக்கு நேரமாச்சு" என்றார். மசூர் அவர் பின்னால் போனான். அதைக் கண்டபிறகுதான் ஸைனம்பு அழுதா.

அன்று இரவு சாப்பாட்டை அம்மா என் முன்னால் வைத்தா. நான் பாதி சாப்பிட்டிருக்கும்போது, "ராகாபுக்கு உன்னப் போல ஒரு மகள் இருந்திருக்கோணும். அப்ப தெரிஞ்சிருக்கும்" என்றா. அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை, ஆனால் எனக்கு இன்னொரு துண்டு மீன் போட்டா.

அப்பாவிடம் நான் கேட்டேன். "நான் கண்டெண்டு சொல்லியிருந்தா?"

"அவ காணல்ல எண்டு நான் சொல்லியிருப்பன்."

"அப்ப மசூர்?"

அவர் விரலால் சோற்றை ஒதுக்கிக்கொண்டே இருந்தார். "அதுதான் மகள், கை எழும்பினது. எனக்கும் அதுக்குப் பதில் தெரியா. அவன் ஜெயிலுக்குப் போயிருந்தா நான் பிறகு எப்பிடி வேதத்தத் திறக்கிற எண்டும் தெரியா."

அப்பா தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல். அவருடைய விசுவாசத்துக்குள் அப்படி ஒரு இருட்டு மூலை இருக்குமென்று நான் நினைத்திருக்கவில்லை. அன்று அவர் ஜெபித்தபோது நானும் கண்ணை மூடினேன். என் குரல் கேட்கவில்லை. அவருடையதும் அம்மாவுடையதும் கேட்டன.

மசூரின் கலியாணம் நடந்தது. போடியார் பொலிசுக்குப் போகவில்லை. ஆனால் எங்கள் தோணியில் ஏறுவதை விட்டுவிட்டார். வண்டியைக் கட்டிக்கொண்டு, வாவியைச் சுற்றி வயலுக்குப் போனார். அந்தப் புழுதிப் பாதையில் அவருடைய வண்டி போவதை அப்பா தோணியில் நின்று பார்ப்பார்.

கச்சான் ஓயப்போகிற நாளொன்றில், நான் பாடசாலைக்குப் புறப்பட்ட நேரம், போடியார் துறையில் நின்றார். வண்டில் மாட்டுக்குக் கால் வீங்கியிருந்ததாம். அதை என்னிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை; பக்கத்தில் நின்ற ஒருவனிடம் சொன்னார். பிறகு வாவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"போகலாமா?"

அப்பா தண்ணீரைப் பார்த்தார். நடுவில் வெள்ளை நுரை எழும்பிக்கொண்டிருந்தது.

"இப்ப ஏலா, போடியார். காத்து விழட்டும்."

போடியார் குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கரையில் கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்தார். அவரும் அப்பாவும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்று விழுந்து நுரை அடங்கும்வரை நானும் நின்றேன். தெருவுக்கு ஏறித் திரும்பிப் பார்த்தபோது அப்பா, "இப்ப போகலாம்" என்று சொல்வது கேட்டது. போடியார் சாறனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தோணியில் ஏறினார்.